மாஸ்டர் பிளேட் இல்லாத மஞ்சள்

2005-இல் என் சின்ன மைத்துனன் எங்களைச் சென்னையில் ஓர் ஓவியக் கண்காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனான். ஏசி இருக்கும் அத்தான், சும்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்றுதான் கூப்பிட்டான். உள்ளே போனதும் ஆள் உயரத்துக்கு ஒரு படம். முகம் இல்லை, மரம் இல்லை, மாடு இல்லை. முழுக்கச் சிவப்பு, அடியில் ஓரமாகக் கொஞ்சம் கறுப்பு, அவ்வளவுதான். எனக்கு முன்னால் நின்றவர் தன் மனைவியிடம், வரையத் தெரியாதவன் செய்கிற வேலை இது, நம் வீட்டுச் சுவரில் பையன் கிறுக்கியதைப் பெயர்த்து எடுத்துவந்து இங்கே மாட்டலாம் என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ, உனக்கு இன்னாய்யா தெரியும் என்று சண்டைக்குப் போய்விட்டேன். ஷெர்லின்தான் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். இருபது வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவள், அவளே மிரண்டுவிட்டாள்.

வாசலில் உட்கார்ந்திருந்த பெண் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, சார் நீங்க ஓவியரா என்று கேட்டாள். இல்லம்மா, கார் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கிற கம்பெனியில் கலர் பார்க்கிறவன் என்றேன். அவள் சிரிக்கவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் சில ஓவியர்கள் உருவத்தை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் நம்பி வரையத் தொடங்கினார்கள், மனசுக்குள் இருக்கிற சிலதுக்கு உருவம் கிடையாது இல்லையா சார் என்று பொறுமையாகச் சொன்னாள். அரூப ஓவியம் என்று பெயரும் சொன்னாள். நான் தலையை ஆட்டிவைத்தேன். ஐரோப்பா சமாசாரம் எனக்குத் தெரியாது. ஒரகடத்தில் அது எப்படித் தொடங்கியதென்று எனக்குத் தெரியும். தொடங்கியவன் படப்பையில் எங்கள் வீட்டுப் பின்போர்ஷனில் ஐந்து வருஷம் குடியிருந்தான்.

அவன் பெயர் இசக்கிதுரை. வள்ளியூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம். 1999-இல் எங்கள் கம்பெனியில் பெயின்ட் பூத்துக்கு ஆள் எடுத்தபோது வந்தான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும், பேச்சில் எப்போதும் ஒரு பெருமை இருக்கும். கம்பெனியில் என்னை சார் என்பான், வீட்டுக்கு வந்தால் அண்ணாச்சி. எங்கள் ஊர் ஆட்கள் அந்த அண்ணாச்சியைக் கேட்டுவிட்டு, மளிகைக் கடை எப்போது வைத்தாய் என்று என்னைக் கிண்டல் செய்வார்கள்.

துரைக்கு முகம் வரையத் தெரியும். தெரியும் என்றால் சாதாரணமாக இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் ரோட்டில் மாதம் ஒரு பையனாவது லாரியில் அடிபட்டுச் செத்துக்கொண்டிருந்தான். எல்லாம் தெற்கத்திப் பிள்ளைகள், நைட் ஷிப்ட் முடித்துத் தூக்கத்தோடு வண்டி ஓட்டுகிறவர்கள். ரூமில் கூட இருந்தவர்கள் அழுதுகொண்டே துரையிடம் வருவார்கள். செத்தவனின் போட்டோ என்று கையில் இருப்பது தபால்தலை அளவு ஐடி கார்டுப் படம், அதிலும் பாதி முகத்தில் கம்பெனி முத்திரை. துரை அதை வாங்கிப் பார்ப்பான். இவன் கேன்டீனில் என் எதிரில் உட்காருகிறவன்தானே, இடது புருவத்தில் ஒரு வெட்டு இருக்குமே என்பான். தகர போர்டில் கண்ணீர் அஞ்சலி என்று எழுதி அந்தப் பையனை அப்படியே உட்காரவைத்துவிடுவான். ஊரிலிருந்து வருகிற தாய்மார்கள் அந்த போர்டைக் கட்டிக்கொண்டு அழுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒரு முகத்தை ஒரு தரம் பார்த்தால் போதும் அண்ணாச்சி, கையில் வந்து உட்கார்ந்துவிடும் என்பான். அது வெறும் பீற்றல் இல்லை. அதனால்தான் அவனுக்கு அது நடந்தது என்றுகூட எனக்குச் சில சமயம் தோன்றும்.

2001-இல் கல்யாணம். பெண்ணின் பெயர் சந்தனமாரி. மெலிந்த உடம்பு, பெரிய குரல், சிரித்தால் முன்வாசல் வரைக்கும் கேட்கும். ஷெர்லினுக்கும் அவளுக்கும் ஒரே வாரத்தில் ஒட்டிக்கொண்டது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று ஏழாம் மாதம் ஊருக்குக் கூட்டிப்போனார்கள். மறு வருஷம் தை கடைசியில் பக்கத்துத் தெரு எஸ்டிடி பூத்துக்குப் போன் வந்தது, பெண் குழந்தை என்று. துரையோடு நானும் ஓடினேன். அவன் மாமியாரிடம் பேசினான், மாரியிடம் பேசினான், கடைசியில் மச்சான் போனை வாங்கினான். சிநேகிதன் கேமரா கையில் இருக்கிறது, நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பிள்ளையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறான்.

பச்சைப் பிள்ளையைப் போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று அவர்கள் பக்கம் ஒரு பயம் உண்டு. துரைக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. அவனுக்கு இருந்தது வேறு. போனில் பெரிதாகச் சிரித்துவிட்டு, “போட்டோ எதுக்குல? அவ அய்யா நான் வந்து பாத்து வரைவேன்லா” என்றான். பக்கத்தில் நின்ற நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

உடனே கிளம்பிப் போயிருக்கலாம். இருந்த லீவு ஏழே நாள். பதினாறாம் நாள் பேர் வைக்கிறார்கள், அதற்குப் போனால் ஒரு வாரம் முழுசாகப் பிள்ளையோடு இருக்கலாம் என்று கணக்குப் போட்டான். அந்தக் கணக்கு சரி என்று நானும்தான் சொன்னேன். அதுவரைக்கும் கிடைத்த ஓவர்டைம் எல்லாம் பார்த்தான். படம் வரைகிற நல்ல கார்ட்ரிட்ஜ் தாள் நான்கு வாங்கிச் சுருட்டி, பரணில் பத்திரமாக வைத்தான்.

பதினோராம் நாள் மத்தியானம் போன் வந்தது. பிள்ளை முந்தின நாளிலிருந்து பால் குடிக்கவில்லை, சோர்ந்து கிடந்தது, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். காமாலை முற்றி மூளை வரைக்கும் போய்விட்டது, ஒன்றும் செய்ய முடியவில்லை. துரை தாம்பரம் போய், கிடைத்த பஸ்ஸில் நின்றுகொண்டே போனான். அவன் போய்ச் சேர்ந்தது மறுநாள் காலை. பேர் வைக்காத பிள்ளையை அவர்கள் பொழுது சாய வைத்திருக்க மாட்டார்கள். மேளம் இல்லை, சங்கு இல்லை, பெற்றவள் வாசலைத் தாண்டக் கூடாது. தாத்தா ஒரு துணியில் ஏந்திப்போய்க் குழி தோண்டி வைத்துவிட்டு, நாய் கிளறாமல் இருக்க மேலே உடைமர முள் வெட்டிப் போட்டு வந்துவிட்டார். துரைக்கு அந்த முள்ளைத்தான் காட்டினார்கள்.

மூன்று மாதம் கழித்து மாரியைக் கூட்டி வந்தான். முன்வாசல் வரைக்கும் கேட்ட குரல் பக்கத்தில் நின்றாலும் கேட்கவில்லை. தண்ணீர் பிடித்தாள், சமைத்தாள், கூட்டினாள். அழவே இல்லை. ஷெர்லின் ஒருநாள் அவளைக் கட்டிக்கொண்டு, அழுதுடு மாரி, கல்லு மாதிரி இருக்காத என்று கெஞ்சியிருக்கிறாள். வரமாட்டேங்கு அக்கா என்றாளாம் மாரி. துரையிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பிள்ளையின் முகத்தை வரைந்து கொடுக்கச் சொன்னாள்.

பரணிலிருந்து அந்தத் தாள்களை எடுத்தான். எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு துவைக்கிற கல் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவன் அந்தக் கல்லில் உட்காருவான், அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொல்லுவாள். மூக்கு உங்க மூக்குதான், நுனி மட்டும் கொஞ்சம் சப்பை. நெற்றி எங்க அப்பாவுக்கு. மேல் உதடு கொஞ்சம் தூக்கி இருக்கும். அவன் வரைவான். நான் ஜன்னலில் இருந்து பார்ப்பேன், ஒவ்வொன்றும் உயிரோடு இருக்கும், இப்போது கொட்டாவி விடும் போல இருக்கும். மாரி வாங்கிப் பார்த்துவிட்டு, இது எங்க அக்கா மகன் மாதிரி இருக்கு என்பாள். அடுத்த வாரம் வேறொன்று. இது காலண்டர்ப் பிள்ளை என்பாள். தாள் தீர்ந்து மறுபடியும் வாங்கினான். பார்க்காத முகத்தை அவன் கை பிடிக்கவே இல்லை. ஒன்பது பிள்ளைகள் வரைந்தான், ஒன்றுகூட அவன் பிள்ளை இல்லை.

ஒன்பதாவது படத்தை அவள் கையால்கூட வாங்கவில்லை.

“போதும்ங்க. இனி வரையாதிய. நீங்க ஒண்ணொண்ணா வரைய வரைய எங்கிட்ட இருக்கது ஒண்ணொண்ணா போவுது. இப்பம் கண்ண மூடுனா இந்தப் பிள்ளைவதான் வருது. அவ வரமாட்டேங்கா.”

துரை எல்லாவற்றையும் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டான். அன்றோடு முகம் வரைவதை விட்டுவிட்டான். அஞ்சலி போர்டு கேட்டு வந்த பையன்களை, கை சரியில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினான். அவர்கள் அவனைத் திமிர் பிடித்தவன் என்றார்கள். அவனிடம் மிச்சம் இருந்த பெயரும் அப்படிப் போயிற்று.

சில நாள் கழித்து, முகம் போய்விட்டது என்கிறாயே, அப்படியானால் கண்ணை மூடினால் என்னதான் வருகிறது என்று அவளிடம் கேட்டிருக்கிறான். மூக்கும் வரவில்லை, கண்ணும் வரவில்லை, ஒரு நிறம் வருகிறது, மஞ்சள் என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள். இதையெல்லாம் அவன் எனக்குச் சொன்னது பிறகுதான். சொல்லாமல் இருந்த நாட்களில் நான் செய்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

எங்கள் கம்பெனியில் ஒரு கலரிலிருந்து அடுத்த கலருக்கு மாறும்போது பெயின்ட் அடிக்கிற துப்பாக்கியைத் தின்னர் விட்டுக் கழுவி, முதலில் உள்ளங்கை அகலத்தில் ஒரு தகரத் தகட்டில் அடிப்பார்கள். டெஸ்ட் பிளேட் என்று பெயர். அதை அடுப்பில் சுட்டு என்னிடம் கொண்டுவருவார்கள். கார் கம்பெனிக்காரன் கொடுத்த மாஸ்டர் பிளேட் ஒன்று என் மேசையில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் பார்த்து, ஓகே, இல்லையென்றால் ரிஜெக்ட். என் மொத்தப் பிழைப்பும் இந்த இரண்டு வார்த்தைதான். பார்த்து முடித்த தகடுகளை மருந்துத் தொட்டியில் போட்டால் பெயின்ட் உரிந்துவிடும், மறுபடியும் உபயோகிக்கலாம். அந்த ஆடி மாதம் எந்த ஆர்டரிலும் இல்லாத மஞ்சள் தகடுகள் என் மேசைக்கு வர ஆரம்பித்தன. எவனோ கைக்கு வந்ததைக் கலந்து விளையாடுகிறான் என்று எனக்கு எரிச்சல். ஆறு தகட்டை ரிஜெக்ட் எழுதித் தொட்டியில் போட்டேன். ஏழாவதைத் துரையே கையில் கொண்டுவந்தான்.

“இன்னா துரை இது, எந்தக் கஸ்டமருக்கு?” என்றேன்.

“கம்பெனிது இல்ல சார். நீங்க கலர் பாக்குறவரு. இது சரியா இருக்கான்னு சொல்லுங்க.”

“மாஸ்டர் இல்லாம எப்படிப்பா சொல்றது? மாஸ்டர் எங்க கீது?”

அவன் தகட்டை என் மேசையில் வைத்தான். “மாஸ்டர மண்ணுல வச்சாச்சு சார்” என்றான்.

அதற்கப்புறம்தான் எனக்கு எல்லாம் சொன்னான். நான் எழுந்து தொட்டிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். ஆறு தகடும் வெறும் தகரமாகக் கிடந்தன. என் மூஞ்சியில் நானே துப்பிக்கொள்ளலாம் போல் இருந்தது.

அதிலிருந்து நானும் அவனோடு சேர்ந்துகொண்டேன். மிக்சிங் ரூமில் கப்பில் மிஞ்சுகிற பெயின்டைக் கொட்டாமல் வாங்கி வருவான், டீ பிரேக்கில் கலந்து அடிப்பான், நான் பார்ப்பேன். இருபது வருஷமாகக் கலர் பார்த்த கண் எனக்கு, ஆனால் எதற்கு எதிரே வைத்துப் பார்ப்பது? இருவருமே அந்தப் பிள்ளையைப் பார்த்ததில்லை. முதலில் அடித்தவை சுவருக்கு அடிக்கிற மஞ்சளாக இருந்தன. அப்புறம் எலுமிச்சை. பிள்ளையின் தோலில் மேலே பூசிய மஞ்சளா இருந்திருக்கும், உள்ளேயிருந்து அல்லவா வந்திருக்கும் என்று ஒருநாள் நான்தான் சொன்னேன். அவன் கண் அப்படியே நின்றது. மறுநாள் அடியில் சிவப்பும் பழுப்புமாக, பிறந்த பிள்ளையின் உள்ளங்கால் மாதிரி ஒரு பேஸ் கோட் அடித்தான். அது காய்ந்த பிறகு மேலே மஞ்சளைப் பனி மாதிரி விட்டான். ஓரங்களில் மெலிசாக, நடுவில் கொஞ்சம் கனமாக. கோடு ஒன்றுகூட இல்லை. பார்க்கிறவனுக்கு அதில் ஒன்றும் இல்லைதான். ஆனால் அடியில் இருக்கிற சிவப்பு மஞ்சளுக்குள் மூச்சு விடுகிற மாதிரி எனக்குத் தெரிந்தது. கையால் எவ்வளவோ முகம் வரைந்தவன், ஒரு முகத்துக்கும் அவன் இவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்லை.

கம்பெனிப் பொருளை வெளியே கொண்டுபோனால் திருட்டு. நான்கு தகட்டுக்கு ஸ்கிராப் என்று பொய் எழுதி, கேட் பாஸில் நானே கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். கலர் பார்க்க அதுதான் நல்ல வெளிச்சம் என்று நான் சொல்லியிருந்தேன். துவைக்கிற கல்லில் நான்கு தகட்டையும் வரிசையாக வைத்தான். மாரியிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் ஷெர்லினும் பின்கதவுக்குப் பக்கத்தில் நின்றோம். அவள் துணி வாளியோடு வந்தாள். முதல் தகட்டைப் பார்த்தாள், இது என்ன என்பது போல் அவனைப் பார்த்தாள். இரண்டாவதையும் மூன்றாவதையும் துணி வைக்க இடம் வேண்டும் என்று ஒதுக்கப் போனாள். நான்காவதிடம் வந்த கை நின்றுவிட்டது.

வாளியைக் கீழே வைத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். விரல்களைத் திருப்பி, பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று புறங்கையால் பார்ப்போமே, அப்படி அந்தத் தகட்டைத் தொட்டாள். தொட்டபடியே கீழே உட்கார்ந்துவிட்டாள். தொண்டையிலிருந்து வந்த சத்தம் அழுகை என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆறு மாதமாக வராதது வந்தது.

“இந்த நெறந்தான். இதப் பாத்துத்தான் நாங்க எல்லாரும் சந்தோசப்பட்டோம்” என்றாள். “நாளுக்கு நாள் நெறம் ஏறுதுன்னு பாக்க வந்தவிய எல்லாம் சொன்னாவ. பொன்னு மாதிரி கெடக்கான்னு நானும் பூரிச்சுப்போயி இருந்தேன். காலைல வெயில்ல கொஞ்சம் காட்டுங்க, ரெண்டு நாள்ல கொண்டாந்து காட்டுங்கன்னு நர்ஸம்மா சொல்லிச்சு. வெயிலு பட்டா கறுத்துருவான்னு நாந்தாங்க துணியப் போட்டு மூடி மூடி வச்சேன். கொண்டுபோயும் காட்டல. நாந்தான்.”

இதை அவள் அதுவரைக்கும் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒன்பது முகம் வரைந்தபோதும் சொல்லவில்லை. முகத்தில் அது இல்லை, நிறத்தில்தான் இருந்தது. ஷெர்லின் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். துரை அவள் எதிரே மண்ணில் உட்கார்ந்து, அவள் காலைப் பிடித்துக்கொண்டு, உன் மேல் தப்பில்லை, உன் மேல் தப்பில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னான். வெகு நேரம் அழுதாள். அழுது முடித்த பிறகு தகட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். பெரிய குரல் கொஞ்சம் திரும்பி வந்திருந்தது.

“இந்தாரு இருக்கா. உங்களுக்கும் தெரியுதுல்லா?” என்று கேட்டாள்.

“தெரியுது மாரி” என்றான் துரை. “நல்லாத் தெரியுது.”

அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். நாங்கள் உள்ளே வந்துவிட்டோம். அன்றைக்கு மத்தியானம் அவள் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள் என்று ஷெர்லின் சந்தோஷமாக வந்து சொன்னாள். எனக்கும் ஏதோ நானே சாதித்த மாதிரி இருந்தது. சர்ச்சுக்குப் போகாத நான் அன்று சாயங்காலம் போனேன்.

மறுநாள் காலை துரையும் நானும் கம்பெனி பஸ்ஸுக்காகப் படப்பையில் நின்றோம். ஷேர் ஆட்டோக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஜெயிச்சுட்டப்பா, அந்தத் தகட்டுக்கு ஓகே வாங்கிட்ட என்று நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை. பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவளுக்குத் தெரியுது அண்ணாச்சி. அவ பெத்தவ, பதினோரு நாளு பாத்தவ. நேத்து பூரா அத மடியில வச்சிக்கிட்டுத்தான் இருந்தா. நானும் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன்” என்றான். பிறகு கையை முகத்தில் வைத்து அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

“எனக்கு ரெண்டு கோட் பெயின்ட்டுதான் அண்ணாச்சி தெரியுது.”